காளைத் தவளையும் நமது ஏரிகளும்

ஐப்பசி மாதத்தில் முதற் பெருமழை பெய்து ஓய்ந்த இரவில், தாம்பரத்திற்கு மேற்கே படப்பை, மணிமங்கலம் முதலிய ஊர்களின் வயலோரமாக நடந்து செல்வோர் தவளைகளின் பேரொலியைக் கேட்டிருப்பார்கள். முதல்நாள் வரையில் கண்ணிற் படாத இந்த ஜந்துக்கள் ஒரே இரவில் எங்கிருந்து வந்து சேர்ந்தன என்று சிறுவர்கள் வியப்பதுண்டு. அவை வெளியூரிலிருந்து வந்தவையல்ல. வரப்பின் வளைகளிலும் ஏரிக்கரையின் வெடிப்புகளிலும் கோடை முழுதும் ஒடுங்கிக் கிடந்து, ஈரங் கண்டவுடன் வெளிப்பட்டவை. இவற்றுள் மிகப் பெரியது பெருந்தவளை. மழைக்காலத்தில் இதன் ஆண் மஞ்சள் நிறம் பூண்டு, தொண்டையின் இருபுறமும் நீலநிறப் பைகளை ஊதிக் கத்தும். இந்தியக் காளைத் தவளை என்று விஞ்ஞானிகள் வழங்குவது இதனையே.

அமெரிக்காவில் காளைத் தவளை என்ற பெயருடைய மற்றோர் இனம் உண்டு. பெயர் ஒத்திருப்பினும் இரண்டும் நெருங்கிய உறவுடையவை அல்ல. ஆயினும் இவ்விரு தவளைகளைப் பற்றியும் நடந்துள்ள ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், நிலமும் நீரும் உடைய குடியானவர்களுக்கும், ஏரி குளங்களைக் கண்காணிக்கும் கிராம அதிகாரிகளுக்கும் மிகவும் பயன்படத் தக்க இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. ஓரிடத்து ஜந்துவை மற்றோரிடத்திற்குக் கொண்டுபோய் விடுவதால் நேரும் கேடு ஒன்று. சொந்த இடத்திலேயே அதன் நீரைக் கெடுப்பதால் நேரும் நஷ்டம் மற்றொன்று.

அமெரிக்கக் காளைத் தவளை

இது வட அமெரிக்காவின் கிழக்குப் பாகத்திற்கு உரியது. உடல் மாத்திரம் 20 சென்டிமீட்டர் வரை நீளும். அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ளவையும் உண்டு. ஒரு பெண் தவளை ஒரு தடவையில் 20,000 முட்டைகள் வரை இடக்கூடும். குளிர்ப் பிரதேசங்களில் இதன் தலைப்பிரட்டை தவளையாக மாறுவதற்கு இரண்டு வருஷங்கூடப் பிடிக்கும். ஆகவே வருஷம் முழுதும் வற்றாத தேக்கநீரே இதற்கு உகந்தது. மனிதர் வெட்டிய குட்டைகளும் கட்டிய நீர்த்தேக்கங்களும் அதற்கேற்ற இருப்பிடங்களாயின.

கலிபோர்னியாவில் தங்கம் தேடிக் குடியேறிய ஜனங்கள் அவ்விடத்துச் செங்காற் தவளையை உணவிற்காகப் பெருவாரியாகப் பிடித்து அருகச் செய்தனர். வியாபாரத்திற்குத் தவளை போதாமற் போகவே, 1896 ஆம் வருஷத்தையொட்டிக் கிழக்கிலிருந்து காளைத் தவளையைக் கொண்டு வந்து விட்டார்கள். வந்த தவளை தன் வாய்க்குள் அடங்கிய பூச்சி, மீன், பாம்புக்குட்டி, பறவைக்குஞ்சு முதலிய எதையும் விடவில்லை. எஞ்சியிருந்த சொந்தத் தவளைகளையும் தின்றது. 1918 இல் ஜப்பானுக்கும், 1930-களில் பிரேஸிலுக்கும் இது சென்றது. தவளைக்கால் வியாபாரத்தில் லாபங் கருதிப் பண்ணைகளில் வளர்க்கப்பட்டுத் தப்பியோடியவையும், விலை விழுந்தபோது திறந்து விடப்பட்டவையுமாக, இன்று 40 நாடுகளுக்கு மேல் இது பரவியிருக்கிறது. உலகிலேயே மிகக் கொடிய 100 அயல் உயிரினங்கள் என்று அறிஞர்கள் வகுத்த பட்டியலில் இதன் பெயரும் உள்ளது.

இதனால் வரும் கேடு வயிற்றோடு நிற்பதில்லை. தவளைகளின் தோலைப் பற்றும் ஒருவகைப் பூஞ்சண நோய் 1998 இல் கண்டறியப்பட்டது. அந்நோயால் பல தேசங்களில் தவளையினங்கள் கூண்டோடு அழிந்திருக்கின்றன. அமெரிக்கக் காளைத் தவளையோ அந்நோயைத் தாங்கிக்கொண்டு, தான் பெரும்பாலும் சாகாமல், பிறவற்றிற்குக் கொடுக்கக் கூடியது. உயிருள்ள தவளைகளைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிய வியாபாரம் நோயையும் சேர்த்து ஏற்றிச் சென்றது.

மற்றோர் ஆராய்ச்சி மீன் வளர்ப்போர் கவனிக்கத் தக்கது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓரிகன் மாகாணத்தில், காளைத் தவளையின் தலைப்பிரட்டைகளைத் தட்டான்பூச்சியின் நீர்ப்புழுக்கள் ஏராளமாகத் தின்று தொகையைக் குறைத்து வந்தன. அங்குள்ள குளங்களில் வேற்றிடத்து மீன்களை விட்டார்கள். அம்மீன்கள் தட்டான் புழுக்களைத் தின்றுவிட்டமையால், தவளைக்கு இருந்த தடை நீங்கி அது பெருகிற்று. 2003 இல் வெளியான இவ்வாராய்ச்சி, ஓர் அயல் ஜந்து மற்றோர் அயல் ஜந்துவுக்கு வாசற்கதவைத் திறந்து விடுகின்றது என்பதை ஐயமறக் காட்டுகிறது.

பரவிய பின் ஒழிப்பது எளிதன்று. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 2005 ஆம் வருஷம் முதல் இரவுதோறும் விளக்கேந்திச் சென்று, முட்டை, பிரட்டை, தவளை ஆகிய யாவற்றையும் தேடி எடுத்து, 2019 இல்தான் அவ்விடம் காளைத் தவளை அற்றதாயிற்று. எல்லையுள்ள ஒரு பள்ளத்தாக்கிற்கே இவ்வளவு காலமும் உழைப்பும் வேண்டியிருந்தன.

நமது தவளை அந்தமானில் செய்தது

இஃது அமெரிக்காவின் கதைதானே, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம் வயலில் கத்தும் பெருந்தவளையே, சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் மூன்று நாட் பயணத்தில் அடையக்கூடிய அந்தமான் தீவுகளில், இப்போது அயலாராகப் புகுந்து கேடு விளைவித்து வருகிறது. அத்தீவுகளுக்கு இது உரியதன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சில இடங்களில் தென்பட்டு, முதற் சில வருஷங்கள் மெதுவாகவும் பின்னர் வெகு வேகமாகவும் பரவிற்று. தாய்நாட்டிலிருந்து வளர்ப்புக்காகக் கொண்டு போன மீன்குஞ்சுகளோடு தலைப்பிரட்டைகள் கலந்து சென்றதே இதற்கு முக்கிய காரணம் என்று கருதப்படுகிறது. பின்னர் தீவுக்குத் தீவும் ஊருக்கு ஊரும் மீன்குஞ்சோடு கலந்தும், உணவுக்காக வேண்டுமென்றே விடப்பட்டும் சென்றது.

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷ் சர்வகலாசாலையைச் சேர்ந்த நித்ய பிரகாஷ் மொஹந்தியும் ஜான் மீஸியும் இதனை ஆராய்ந்து, 2018, 2019 ஆம் வருஷங்களில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட முறை நமக்குப் பெருமை தருவதாகும். தவளை எவ்வூருக்கு எப்போது வந்தது என்பதற்குப் பதிவேடு எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் ஊர் ஊராகச் சென்று, குடியானவர்களையும் மீன்குட்டை வைத்திருப்போரையும், இத்தவளையை முதன்முதலாக எவ்வருஷம் கண்டீர்கள் என்று விசாரித்தனர். அவ்விடைகளைத் தொகுத்தே பரவிய வழியையும் வேகத்தையும் வகுத்தனர். மக்கள் வாழும் எட்டுத் தீவுகளைப் பார்த்ததில், ஆறு தீவுகளில் அது நிலைபெற்றிருந்தது. குடியானவனுடைய ஞாபகமே இங்கு விஞ்ஞானத்திற்கு ஆதாரமாயிற்று.

அத்தவளைகளின் இரைப்பைகளைச் சோதித்தபோது, பூச்சிகளேயன்றி அத்தீவுகளுக்கே உரிய பல்லி முதலிய முதுகெலும்புள்ள சிறு பிராணிகளும் காணப்பட்டன. இரையின் பருமனில் பெரும்பங்கு இவையே. தொட்டிகளில் நடத்திய மற்றொரு பரிசோதனை இன்னும் கடுமையானது. பெருந்தவளையின் பிரட்டை மாமிசம் தின்னும் இயல்புடையது. அந்தமானுக்கு உரிய இரண்டு சிறு தவளை இனங்களின் பிரட்டைகளை அதனோடு சேர்த்து விட்டபோது, அவற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மடகாஸ்கரிலும் மாலத்தீவிலும் இதே தவளை இவ்வாறே அயலினமாகப் புகுந்திருக்கிறது.

நம் நாட்டில் இதே பிராணி ஏன் இவ்வாறு நாசம் செய்வதில்லை? இங்கு அதனைத் தின்னச் சாரையும் நல்லபாம்பும் நாரையும் கொக்கும் கீரியும் இருக்கின்றன. நெடுங்காலம் அதனோடு கூடவே வாழ்ந்து பழகிய மற்றத் தவளைகள் தப்பும் வழியறிந்தவை. கோடையில் வற்றும் குட்டைகள் அதன் பெருக்கத்திற்கு எல்லை கட்டுகின்றன. ஒரே ஜந்து தன் ஊரில் உழவனுக்குத் துணையாகவும், வேற்றூரில் களையாகவும் ஆவது இடத்தின் வேற்றுமையால்தான்.

சொந்த ஊரில் அதன் பயன்

தவளை பூச்சிகளை மாத்திரம் தேர்ந்து தின்னும் என்று சிலர் எழுதுவது முழு உண்மையன்று. அசைவதும் வாய்க்குள் அடங்குவதும் அதற்கு இரையே. நல்ல பூச்சியும் தீய பூச்சியும் அதற்கு ஒன்றுதான். ஆயினும் நெல்வயலில் இரவில் அசைபவற்றுள் வெட்டுக்கிளி, வண்டு, புழு, வரப்பைத் துளைக்கும் நண்டு ஆகியவை மிகுதியாகையால், தவளையின் வேலை பெரும்பாலும் குடியானவனுக்கு அனுகூலமாகவே முடிகிறது. பெருந்தவளை எலிக்குஞ்சையும் விழுங்கும். அதன் பிரட்டை கொசுப்புழுவைத் தின்னும். எல்லாத் தவளைகளும் ஒரே உணவுடையவை என்பதும் இல்லை. குளத்தில் மிதக்கும் பச்சைத் தவளையைச் சென்னையின் அயற்பகுதியில் ஆராய்ந்த இந்திரனீல் தாஸ், வளர்ந்த தவளைகள் இலைகளையே பெரும்பாலும் உண்பதாக 1996 இல் அறிவித்தார். தவளையினத்தில் இஃது அபூர்வமான பழக்கமாகும்.

இத்தகைய துணையை நாம் ஒரு காலத்தில் மூட்டையாகக் கட்டி விற்றோம். தவளைக்கால் ஏற்றுமதி 1950-களில் தொடங்கி, 1980-களின் ஆரம்பத்தில் வருஷத்திற்கு 4,000 டன்னுக்கு மேல் உயர்ந்தது. பின்னங்கால்கள் நீங்கலாக மற்ற உடல் வீணே எறியப்பட்டது. பம்பாயைச் சேர்ந்த இயற்கையியல் அறிஞர் ஹுமாயூன் அப்துலாலி இவ்வியாபாரத்தை எதிர்த்து விடாமல் எழுதி வந்தார். 1985 இல் பெருந்தவளையும் பச்சைத் தவளையும் சர்வதேச வாணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டிற்குள் வந்தன. 1987 இல் இந்திய அரசாங்கம் ஏற்றுமதியை அடியோடு நிறுத்திற்று. கல்லூரிகளில் தவளையை அறுத்துப் படிக்கும் வழக்கமும் 2014 இல் தடை செய்யப்பட்டது. ஆகவே இன்று நம் பக்கத்துத் தவளைக்குக் கத்தியைக் காட்டிலும் நீரின் கேடே பெரிய அபாயமாகும்.

மாசும் தலைப்பிரட்டையும்

தவளையின் முட்டைக்கு ஓடு இல்லை. தோல் மெல்லியது, அதன் வழியாகவே தண்ணீரையும் ஓரளவு பிராணவாயுவையும் அது உட்கொள்ளுகிறது. பிரட்டைப் பருவம் முழுதும் நீரை விட்டு விலக வழியில்லை. ஆகவே நீரில் கரைந்த எதுவும் மீனையும் மனிதனையும் எட்டுமுன் தலைப்பிரட்டையின் உடலில் தன் அடையாளத்தைப் பதிக்கும்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணத்தில், நிலக்கரி எரிக்கும் மின்நிலையத்தின் சாம்பல் நீர் சேரும் குட்டைகளில் வளர்ந்த காளைத் தவளைப் பிரட்டைகளை ஆராய்ந்தார்கள். பலவற்றிற்கு வாயிலுள்ள சிறு பற்கள் இல்லாமையால் பாசியைச் சுரண்டித் தின்ன இயலாமல் வளர்ச்சி குன்றியதாக 1996 இலும், வாலும் முதுகும் வளைந்து நீந்த மாட்டாதவை மிகுதியாக இருந்ததாக 2000 இலும் முடிவுகள் வெளியாயின. மருந்து கொல்லாத இடத்திலும் ஊனம் கொல்லும் என்பது இதன் பொருள்.

பூச்சி மருந்தைப் பற்றி ரிக் ரெலியா என்ற அறிஞர் நடத்திய பரிசோதனைகள் மிகவும் கவனிக்கத் தக்கவை. செவின் என்ற வியாபாரப் பெயரால் நம் குடியானவர்கள் நன்கு அறிந்திருந்த கார்பரில் மருந்தைத் தனியே கலந்தபோது தப்பிய பிரட்டைகள், தம்மைத் தின்னும் பகையின் வாடையும் நீரில் இருந்தபோது பன்மடங்கு மிகுதியாக மடிந்தன. காளைத் தவளையின் பிரட்டையும் இதற்கு விலக்கல்ல. பாட்டிலில் நடத்தும் சோதனையில் ஆபத்தில்லை என்று தோன்றும் அளவு, பகையும் பசியும் நிறைந்த மெய்யான குட்டையில் நஞ்சாகும் என்று 2003 இல் அவர் காட்டினார். கார்பரில் இந்தியாவில் 2018 இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 இலேயே நிறுத்தியது. எனினும் வேறு மருந்துகள் வழங்குகின்றன. அவற்றிற்கும் இப்படிப்பினை பொருந்தும். களைக்கொல்லி பூச்சியைக் குறித்ததன்று, ஆகவே பிரட்டைக்குத் தீங்கில்லை என்று எண்ணுவதும் தவறு. சில களைக்கொல்லிகளில் மருந்து இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சரக்கே பிரட்டைகளுக்குக் கொடிய விஷமாக உள்ளது. கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் பயிர் நிலங்களை அடுத்து வாழும் தவளைகளில் உறுப்புக் கோளாறுகள் இருப்பதையும் ஆராய்ச்சியாளர் பதிவு செய்திருக்கின்றனர்.

ஒன்றோடொன்று தொடுத்த ஏரிகள்

தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகள் தனித்தனியானவை அல்ல என்பதைக் கிராம அதிகாரிகள் அறிவார்கள். செம்பாக்கத்து ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் நீர் நன்மங்கலத்திற்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளுக்கும் சென்று, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவின் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கோவளத்தருகே கடலைச் சேரும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீருக்குப் பள்ளிக்கரணையே வடிகால். அச்சதுப்பு நிலம் 2022 இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. அங்கே பறவைகளைக் காணச் செல்வோர் பலர். அப்பறவைகள் பலவற்றிற்கு இரையாவது தவளையும் பிரட்டையும் மீனுமே என்பதை நினைப்போர் சிலர்.

மேலேயுள்ள ஓர் ஏரியில் விடும் கழிவுநீர் கீழேயுள்ள யாவற்றிற்கும் செல்லுகிறது. வீடுகள் பெருகி வயல்கள் மறைந்தபின், பாசனக் கால்வாய்களாக இருந்தவை பல இடங்களில் சாக்கடைகளாயின. அத்தகைய நீரில் அம்மோனியா மிகுந்து, பிராணவாயு குறைந்து, ஆகாயத்தாமரை மூடிக் கொள்ளுகிறது. பிரட்டை பிழைப்பது அரிதாகிறது. செம்பாக்கம் ஏரியைத் தூர் வாரி, கழிவுநீரைச் சீராக்கி மீட்கும் வேலை 2018 முதல் மேற்கொள்ளப்பட்டது. தொடரின் தலையிலுள்ள ஏரியைச் செம்மைப்படுத்துவது கடையிலுள்ள சதுப்பு நிலத்திற்கும் நன்மை தரும்.

அதே தொடர் வழியாக அயல் ஜந்துவும் இறங்கும். மேலேயுள்ள குட்டையில் ஒருவர் விட்ட வேற்று மீனோ தவளையோ அவருடைய வேலியோடு நிற்காது. ஒரு கார்த்திகை வெள்ளம் போதும். கலங்கல் தாண்டி அடுத்த ஊர் ஏரிக்குச் சென்றுவிடும். 2015 இல் வந்த வெள்ளத்தில் எந்த ஏரி நீர் எந்த ஏரியோடு கலந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாதபடி இருந்ததை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள்.

குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் செய்ய வேண்டியவை

1. மீன்குஞ்சு வாங்கினால், குட்டையில் விடுமுன் வெள்ளைத் தொட்டியில் கொட்டிப் பார்க்க வேண்டும். மீனுக்குச் செவுளும் துடுப்பும் தெரியும். பிரட்டைக்குத் தலை உருண்டு வால் மாத்திரம் நீண்டிருக்கும். பிரட்டைகளையும், கேட்டு வாங்காத மீன்களையும் பிரித்து நீக்குவதோடு, கொண்டு வந்த தண்ணீரை ஏரியிலோ கால்வாயிலோ ஊற்றாமல் மேட்டு நிலத்தில் கொட்டுக.

2. நல்ல லாபம் என்று யார் சொன்னாலும் அயல்நாட்டுத் தவளையை வளர்க்கத் துணிய வேண்டாம். தடை செய்யப்பட்டுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி மீனும் அப்படியே. அந்தமானுக்கோ வேறு தீவுகளுக்கோ மீன்குஞ்சு அனுப்புவோர் நம் தவளையின் பிரட்டை கலவாதபடி பார்த்துக் கொள்ளுவது கடமையாகும்.

3. பூச்சியின் தொகையைப் பார்த்து, அவசியமானால் மாத்திரம் மருந்து தெளிக்க வேண்டும். வயலில் நீர் நின்று பிரட்டைகள் திரியும் நாட்களைக் கூடியமட்டும் தவிர்க்கவும். தெளித்தபின் மடையை உடனே திறந்து விடலாகாது. தெளிப்பானைக் கால்வாயிலும் கிணற்றடியிலும் கழுவக் கூடாது.

4. களைக்கொல்லியை வாய்க்காலின் இரு கரைகளிலும் அடிக்க வேண்டாம். கரைப்புல் தவளைக்கு நிழல். அதனை அறுத்து மாட்டுக்குப் போடுவதே உத்தமம்.

5. வயலின் தாழ்ந்த மூலையில் மழைநீர் சில வாரங்கள் தங்கும் சிறு பள்ளத்தை விட்டு வைத்தால் தவளைகள் அங்கே முட்டையிடும். இத்தகைய குட்டைகள் கோடையில் வற்றுவது குற்றமன்று. வற்றுவதாலேயே அவற்றில் பெரிய மீன்கள் தங்காமல் பிரட்டைகள் பிழைக்கின்றன.

6. கிராம அதிகாரிகள் பெரிய ஏரிகளைப் போலவே கணக்கிலுள்ள குட்டைகளையும் தாங்கல்களையும் வருஷந்தோறும் நேரிற் பார்வையிட வேண்டும். வறண்ட குட்டை பயனற்றதென்று குப்பை கொட்டித் தூர்ப்பதை அனுமதிக்கலாகாது. கழிவுநீர்க் குழாய் ஏரியில் வந்து சேருமிடத்தைக் குறித்து மேலிடத்திற்கு எழுத வேண்டும்.

7. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒவ்வொரு குட்டையிலும் பிரட்டை உண்டா, வால் வளைந்தவை, செத்து மிதப்பவை உண்டா, பழக்கமில்லாத தவளையின் குரல் கேட்கிறதா என்று பார்த்துத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். குட்டை வற்றுவதாலும் பிரட்டை சாகுமாகையால், நீரின் அளவையும் சேர்த்துக் குறிக்கவும். செலவில்லாத இவ்வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம்.

அந்தமான் குடியானவர்கள் தவளை எவ்வருஷம் வந்தது என்று ஞாபகத்திலிருந்தே சொன்னார்கள். தவளை எவ்வருஷம் போயிற்று என்று நம் பிள்ளைகள் ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டிய நிலைமை தாம்பரத்துப் பக்கத்தில் வரலாகாது. வரும் மழைக்கு முன் குட்டைகளைச் சீர் செய்து, மருந்தை அளவோடு கையாண்டு, அயல் ஜந்துக்களுக்கு இடங்கொடாமல் காப்போமாயின், நம் தவளை நம் வயலிலேயே தன் வேலையைச் செய்து கொண்டிருக்கும்.